எச்பி 200எல்எக்ஸ்: வாங்குவதில் தொடங்கி தினசரி வேலை வரை ஒரு வழிகாட்டி

கீபோர்டு உள்ள பாக்கெட் ஆர்கனைசர் ஒன்றைத் தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு எச்பி 200எல்எக்ஸ் இன்றும் நல்ல தேர்வு. 1994-இல் வந்த கருவி, 1999-இல் உற்பத்தி நின்றது. 16 செ.மீ நீளம், 8.6 செ.மீ அகலம், மூடினால் இரண்டரை செ.மீ கனம், செல்லோடு சேர்த்து 312 கிராம். இரண்டு பென்சில் செல்லில் வாரக்கணக்கில் ஓடும். டைரி, போன் புத்தகம், குறிப்பு, எக்செல் போன்ற லோட்டஸ் 1-2-3, வங்கிக் கணக்கு போடும் கால்குலேட்டர் எல்லாம் உள்ளேயே பதிந்து வருகின்றன. நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

வாங்கும் முன் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனுக்குப் பின்வெளிச்சம் கிடையாது, இரவு பஸ்ஸில் லைட்டை அணைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. தமிழ் எழுத்தும் வராது, எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இந்த இரண்டும் ஒத்துவராது என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், பணம் மிச்சம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது அதில்தான். நீங்கள் தட்டும் டைரியும் போன் நம்பரும் சேரும் சி: டிரைவ் ஒரு ராம் டிஸ்க். உள்ளே மின்சாரம் இருக்கும்வரைதான் அது இருக்கும். மெயின் செல்லும் பட்டன் செல்லும் ஒரே நேரத்தில் போனால் எல்லாம் போய்விடும், மீட்க வழியில்லை. அதனால் முதலில் செல், பிறகு கார்டு, கடைசியில்தான் டேட்டா. ஆர்வக்கோளாறில் முதல் நாளே முந்நூறு போன் நம்பரை ஏற்ற உட்காராதீர்கள்.

1. விற்பவரிடம் கேட்க வேண்டிய போட்டோக்கள்

புதிது கிடைக்காது, எல்லாமே பழையதுதான். கடையில் போய்ப் பார்த்து வாங்கும் வாய்ப்பும் குறைவு, ஆன்லைனில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதுதான் வழக்கம். ஆகவே போட்டோதான் உங்கள் கண். விளம்பரத்தில் போட்டிருக்கும் அழகான படம் போதாது, இவற்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்:

கீல் இருக்கும் இரண்டு மூலைகளும், மிக அருகில் எடுத்தது. இந்தக் கருவியில் முதலில் உடையும் இடம் இதுதான். மூடியைத் திறந்து திறந்து கீலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் மயிரிழை போல விரிசல் விழும். ஆரம்ப விரிசலால் உடனே கெடுதல் இல்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க நியாயமான காரணம் அது. விரிசல் வழியாக உள்ளே இருக்கும் உலோகம் தெரிந்தால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

முன்பக்கக் கொக்கி. கொக்கி போனால் மூடி பையில் தானாகத் திறந்து ஸ்கிரீன் அடிபடும்.

செல் போடும் குழி, மூடியைக் கழற்றி எடுத்த படம். ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. லேசான பூப்பு வினிகர் தொட்ட பஞ்சில் போய்விடும். சர்க்யூட் போர்டு வரை இறங்கியிருந்தால் போகாது, வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது.

ஆன் செய்த ஸ்கிரீன். செங்குத்துக் கோடு, எழுத்தே வராத பட்டை எதுவும் இருக்கக் கூடாது. முழு ஸ்கிரீனும் எழுத்தால் நிரம்பிய படமாகக் கேளுங்கள். வெறும் ஸ்கிரீனில் கோடு தெரியாது.

கடைசியாக மெமரி. 1, 2, 4 எம்பி என்று மூன்று அளவில் வந்தது. அதில் 640 கேபி புரோகிராம்கள் ஓடப் போக, மிச்சம்தான் சி: டிரைவ். டைரி, போன், குறிப்பு என்ற அளவுக்கு 2 எம்பி தாராளம். 4 எம்பிக்காக அதிகப் பணம் கொடுப்பதைவிட, கீல் நன்றாக இருக்கும் 2 எம்பி கருவியை எடுப்பதே புத்திசாலித்தனம். வேகம் கூட்டிய, மெமரி ஏற்றிய கருவிகளும் விற்பனைக்கு வரும். யாரோ திறந்து பூட்டியது என்பதை மறக்காதீர்கள். முதல் கருவியாக அது வேண்டாம்.

2. செலவு, காகிதம், காத்திருப்பு

கருவியின் விலையோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. தபால் கட்டணம், இறக்குமதி வரி, கார்டு அடாப்டர், காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு கார்டு ரீடர், ரீசார்ஜ் செல் நான்கு, தனி சார்ஜர், பட்டன் செல் இரண்டு என்று பட்டியல் நீளும். கார்டு சம்பந்தப்பட்டவற்றைக் கருவி வரும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். கருவி வந்து, கார்டு வராத இடைவெளியில்தான் டேட்டா தொலையும்.

இந்தியாவுக்கு வரவழைத்தால் கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும். ஆர்டரில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்து பார்சல் கிடப்பில் விழுவது நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய தலைவலி. பொருள் பழையது என்பதையும் கொடுத்த உண்மையான விலையையும் எழுதி இன்வாய்ஸை பார்சலின் வெளியே ஒட்டச் சொல்லுங்கள். விலையைக் குறைத்துப் போடச் சொன்னால் சுங்கத்தில் கேள்வி வரும், தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

விற்பவரிடம் எல்லாச் செல்லையும் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். லித்தியம் பட்டன் செல் இருக்கும் பார்சலுக்கு விமானத் தபாலில் கட்டுப்பாடு உண்டு, பென்சில் செல் வழியில் கசியவும் செய்யும். கழற்றினால் சி: டிரைவில் முந்தைய உரிமையாளர் வைத்திருந்ததெல்லாம் அழியும். உங்களுக்கு அது தேவையில்லை, அவருக்கும் அதுதான் நல்லது. டைரி, 1-2-3 போன்ற புரோகிராம்கள் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத ரோமில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

3. செல்: மாற்றும் வரிசை

மெயின் செல் இரண்டு, பென்சில் செல் என்று கடையில் கேட்டால் கொடுக்கும் ஏஏ அளவு. மெயின் செல் இல்லாத நேரத்தில் மெமரியைத் தாங்க சிஆர்2032 பட்டன் செல் ஒன்று. விதி ஒன்றே ஒன்று: இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காதீர்கள்.

பென்சில் செல் மாற்றும்போது கருவியை ஆஃப் செய்யுங்கள், பட்டன் செல் நல்ல நிலையில் இருக்கட்டும், புதிய செல்லைக் கையில் வைத்துக்கொண்டு பழையதை எடுங்கள். பட்டன் செல் மாற்றும்போது மெயின் செல் இரண்டும் புதிதாக இருக்கட்டும். பட்டன் செல்லுக்கு வருடம் ஒரு தேதி வைத்து, எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும் மாற்றிவிடுங்கள். முப்பது நாற்பது ரூபாயில் மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

ரீசார்ஜ் செல் தாராளமாகப் போடலாம், ஆனால் செட்டப் புரோகிராமில் பேட்டரி பகுதிக்குப் போய் வகையை மாற்றுங்கள். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5 வோல்ட். வகையை மாற்றாவிட்டால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும்.

அதே இடத்தில் சார்ஜ் செய்வதை அனுமதிக்கும் ஒரு தேர்வும் இருக்கும். அதை ஆன் செய்து வைத்துவிட்டு, ஒரு நாள் அவசரத்துக்கு அல்கலைன் செல் போட்டு அடாப்டரைச் செருகினால், கருவி அல்கலைனுக்கும் மின்சாரம் ஏற்றும். செல் கசியும். எனவே அந்தத் தேர்வை ஆஃபிலேயே வைத்து, செல்லை வெளியே எடுத்துத் தனி சார்ஜரில் போடுவதே பாதுகாப்பு. நான்கு செல் வாங்கச் சொன்னது இதற்குத்தான், இரண்டு கருவியில், இரண்டு சார்ஜாகித் தயாராக.

எச்பியின் சொந்த அடாப்டர் எஃப்1011ஏ, 12 வோல்ட். வீட்டில் கிடக்கும் ரௌட்டர் அடாப்டரும் 12 வோல்ட்தானே என்று செருகிவிடாதீர்கள். பின்னின் நடுவில் பாசிட்டிவா நெகட்டிவா என்பதைக் கருவியில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் செருகவே வேண்டாம். உண்மையில் அடாப்டர் இல்லாமலே காலம் தள்ளலாம்.

4. கார்டு: ஃபார்மட்டில்தான் சிக்கல்

பக்கவாட்டில் பிசி கார்டு போடும் இடம் இருக்கும். அதில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு நேரடியாகப் போகாது, ஒரு அடாப்டரில் செருகி அடாப்டரை உள்ளே தள்ள வேண்டும். உள்ளே போனதும் அது ஏ: டிரைவ். தனி டிரைவர் எதுவும் தேவையில்லை.

கருவியில் ஓடுவது டாஸ் 5.0. கார்டில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் ஃபேட்16 மட்டுமே அதற்குப் புரியும், 2 ஜிபிதான் மேல் எல்லை. 32 ஜிபி கார்டைச் செருகிவிட்டு ‘கார்டு கெட்டுப்போச்சு’ என்று நினைப்பவர்கள் அதிகம். 256 அல்லது 512 எம்பி கார்டே போதும், சொல்லப்போனால் அதுவே மேல். 2 ஜிபி கார்டில் ஃபேட்16 ஒவ்வொரு ஃபைலுக்கும் குறைந்தது 32 கேபி ஒதுக்கும், நான்கு வரிக் குறிப்புக்குக்கூட. 512 எம்பியில் அது 8 கேபி. மேலும் எட்டு மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் ஓடும் இந்தக் கருவிக்குப் பெரிய கார்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று எண்ணிப் பார்க்கவே நேரம் பிடிக்கும்.

விண்டோஸில் கார்டு ரீடர் வழியாகச் செருகி, ஃபார்மட்டில் ‘ஃபேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஃபேட்32’ வேண்டாம், ‘எக்ஸ்ஃபேட்’ வேண்டவே வேண்டாம். பிறகு கருவியில் செருகி, ஃபைலர் புரோகிராமில் ஏ: டிரைவைத் திறந்து பாருங்கள். காலியாகத் திறந்தால் சரி. ஒரு சின்ன ஃபைலை அங்கே காப்பி செய்து, கார்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்துவிடுங்கள். இந்தச் சுற்று ஒழுங்காக முடிந்த பிறகே மற்றது.

ஃபைல் பெயர் எட்டு எழுத்துக்குள், பின்னொட்டு மூன்று எழுத்துக்குள். கம்ப்யூட்டரில் நீளமாகப் பெயர் வைத்து அனுப்பினால் இங்கே ஆறு எழுத்தோடு சுருங்கி, பின்னால் ஒரு வளைகோடும் எண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பத்து ஃபைல் அப்படி வந்தால் எது எதென்று தெரியாது. மேக்கில் கார்டைச் செருகினால் கூடவே சில மறைமுக ஃபைல்களும் வந்து உட்காரும், அவற்றை அழித்துவிடலாம்.

5. முதல் மாலை: செட்டப்

இதற்கு ஒரு மணி நேரம் போதும். செட்டப்பில் தேதி, நேரம், தேதி எழுதும் முறை, உரிமையாளர் பெயர் ஆகியவற்றை நிரப்புங்கள். தேதி முறை மாதம் முன்னால் வரும்படி இருந்தால் நாளை முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் ஐந்தாம் தேதியும் ஐந்தாம் மாதம் மூன்றாம் தேதியும் குழம்பும். ஊர்ப் பட்டியலில் சென்னையைத் தேட வேண்டாம். ஊருக்கு அந்தப் பெயர் அதிகாரபூர்வமானது 1996-இல், கருவி அதற்கு முந்தையது. பழைய பெயரில் உள்ள ஏதாவது இந்திய நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாடு முழுக்க ஒரே நேரம்தானே.

பிறகு கீபோர்டு. ஷிஃப்ட், கண்ட்ரோல், எஃப்என் கீகளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த கீயைத் தட்டினால் போதும். இரண்டு கையிலும் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுவது இதனால்தான் சாத்தியமாகிறது. எஃப்என்னும் ஸ்பேஸும் சேர்ந்தால் எழுத்துப் பெரிதாகும்: முதலில் வரிக்கு 80 எழுத்து, பிறகு 64, பிறகு 40. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் 64-இல் நிறுத்திக்கொள்வார்கள். ஆன் கீயைப் பிடித்துக்கொண்டு கூட்டல் அல்லது கழித்தல் கீயைத் தட்டினால் ஸ்கிரீனின் கருமை கூடும், குறையும். புதிதாக வாங்கியவர் ‘ஸ்கிரீன் மங்கல்’ என்று புகார் சொன்னால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்10 வரை உள்ள கீகளின் வேலை புரோகிராமுக்குப் புரோகிராம் மாறும். மனப்பாடம் செய்யாதீர்கள், ஸ்கிரீனின் கடைசி வரியில் எழுதியே இருக்கும்.

6. டைரி

நீல நிற அப்பாயின்ட்மென்ட் கீயைத் தட்டினால் இன்றைய பக்கம் திறக்கும். எஃப்2 தட்டி விவரம், நேரம், அலாரம் போட்டு முடியுங்கள். கருவி ஆஃபில் மூடி இருந்தாலும் அலாரம் அடிக்கும். சத்தம் சின்னது, துணிப்பையின் அடியில் இருந்தால் கேட்காது. செட்டப்பில் வால்யூமை முழுதாக ஏற்றி வையுங்கள்.

இதன் உண்மையான பலம் திரும்பத் திரும்ப வரும் வேலைகளில். தினமும், வாரம், மாதம், வருடம் என்று வகை உண்டு. மாத வகையில் தேதியாகவும் சொல்லலாம், ‘இரண்டாம் சனி’ என்று கிழமையாகவும் சொல்லலாம். கேஸ் புக் செய்வது, கரண்ட் பில், சீட்டுப் பணம், இன்சூரன்ஸ் பிரீமியம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் என்று வருடத்துக்கு வரும் கட்டணங்கள் அத்தனையையும் ஒரே உட்காரலில் ஏற்றிவிடலாம். கடைசித் தேதியைப் போடாதீர்கள், மூன்று நாள் முன்னாலான தேதியைப் போடுங்கள். மாதக் கடைசி வேலைக்கு 31 வேண்டாம், 28 போதும். பிப்ரவரியில் தகராறு வராது.

செய்ய வேண்டியவை பட்டியல் இதே புரோகிராமின் இன்னொரு பக்கம். முடித்ததாகக் குறிக்காத வேலையை அடுத்த நாளுக்குத் தானாகத் தள்ளும் வசதி உண்டு. வசதிதான், ஆனால் இரண்டு மாதமாகத் தள்ளிக்கொண்டே வரும் பதினைந்து வேலைகள் சேர்ந்துவிட்டால் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டார்கள். மளிகை லிஸ்டை இங்கே போடாதீர்கள், அது குறிப்பு எழுதும் மெமோவுக்கு.

7. போன் புத்தகம்

பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே பட்டியல் அந்த இடத்துக்குத் தாவும். சிக்கல் நம் பெயர்களில். சண்முகம் என்பதை எஸ்ஸில் தொடங்கி எச் போட்டும் எழுதுவோம், எச் இல்லாமலும் எழுதுவோம். ழவுக்கு ஒருவர் இசட், ஒருவர் எல். ஏற்றும் முன்பே ஒரு முறையை முடிவு செய்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுங்கள், முன்னால் போட்டால் எல்லோரும் ‘கே’யிலும் ‘எஸ்’ஸிலும் போய் அடைந்துகொள்வார்கள்.

எலெக்ட்ரீஷியன், பிளம்பர், ஆட்டோக்காரர் போன்றவர்களுக்குத் தொழிலை வகைப் பகுதியில் எழுதுங்கள். பெயர் மறந்துபோனாலும் தேடும் வசதி தொழிலை வைத்தே ஆளைக் காட்டும். ஏடிஎம் பின் நம்பர், பாஸ்வேர்டு போன்றவற்றை இதில் எழுத வேண்டாம். பஸ்ஸில் தொலைந்தால் எடுத்தவருக்கு அது திறந்த புத்தகம்.

8. மெமோ

வெறும் டெக்ஸ்ட் ஃபைல், எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். இந்தக் கருவியில் எழுதுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

கம்ப்யூட்டரிலிருந்து இங்கே கொண்டுவரும்போதுதான் இடறும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து எடுத்த எழுத்தில் வளைந்த மேற்கோள்குறி, நீளக் கோடு, ரூபாய்க் குறி, தமிழ் எழுத்து எது இருந்தாலும் இங்கே பொம்மை பொம்மையாகத் தெரியும். நோட்பேடில் ஒட்டி, மேற்கோளை நேர்க்குறியாகவும், ரூபாய்க் குறியை ‘ஆர்எஸ்’ என்ற ஆங்கில எழுத்தாகவும் மாற்றி, சேவ் செய்யும்போது ஆன்சி வகையைத் தேர்ந்தெடுங்கள்.

டைரியும் போன் புத்தகமும் ஒவ்வொரு பதிவையும் முடிக்கும்போதே பதிந்துகொள்ளும். மெமோவும் 1-2-3யும் அப்படியல்ல. எழுந்து போகும் முன் சேவ் செய்யும் பழக்கம் வேண்டும்.

9. லோட்டஸ் 1-2-3: வீட்டுக் கணக்கு

எக்செல் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுவார்கள். சாய்கோடு கீயைத் தட்டினால் மேலே மெனு வரும், பிறகு ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் தட்ட வேண்டும். சேவ் செய்ய சாய்கோடு, எஃப், எஸ். திறக்க சாய்கோடு, எஃப், ஆர். இந்த இரண்டோடு தொடங்கலாம்.

தேதி, விவரம், வகை, தொகை என்று நான்கு பத்தி போதும். கூட்டுத்தொகைக்கு @சம்(டி2..டி60) என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், நடுவில் இரண்டு புள்ளி. ஃபார்முலா எழுத்தில் தொடங்கினால் 1-2-3 அதை வெறும் சொல்லாக எடுத்துக்கொள்ளும். சி2*டி2 என்று தட்டினால் கணக்கு வராது, முன்னால் ஒரு கூட்டல் குறி வேண்டும்.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. எண்ணில் தொடங்கும் எதையும் அது கணக்காகவே பார்க்கும். தேதியை 14-4 என்று தட்டினால் 10 வரும், 14/4 என்று தட்டினால் 3.5 வரும். எஸ்டிடி கோடுக்குப் பின் ஹைஃபன் போட்டு போன் நம்பர் தட்டினால் கழித்துக் காட்டும். முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள்குறி போட்டால் அப்படியே எழுத்தாக நிற்கும்.

தேதியை வைத்துக் கணக்குப் போட வேண்டுமானால் @டேட் தேவை. அதில் வருடம் 1900-இலிருந்து எண்ணப்படும், ஆகவே 2025 என்பது 125. 2025 ஏப்ரல் 14-ஐ @டேட்(125,4,14) என்று தட்ட வேண்டும். தட்டியதும் ஐந்து இலக்க எண் ஒன்று தெரியும், பயப்பட வேண்டாம். சாய்கோடு, ஆர், எஃப், டி என்று போய்த் தேதி வடிவத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும். கமா போட்டுக் காட்டச் சொன்னால் லட்சம் 100,000 என்றுதான் வரும், நம் முறையில் வராது.

இந்த ஷீட்டைக் கம்ப்யூட்டரில் பார்க்க லிப்ரெஆபீஸ் போதும், 1-2-3 சேவ் செய்யும் டபிள்யூகே1 ஃபைலை நேரடியாகத் திறக்கும். எக்செல் 2007-இலிருந்து இந்த வகையைத் திறப்பதை விட்டுவிட்டது. எதிர்த்திசையில், கம்ப்யூட்டரில் உள்ளதை இங்கே கொண்டுவர, சிஎஸ்வியாகச் சேவ் செய்து 1-2-3-இல் சாய்கோடு, எஃப், ஐ, என் என்று உள்ளே எடுங்கள். எண்கள் மட்டும் வந்து சொற்கள் எல்லாம் காணாமல்போனால் காரணம் ஒன்றுதான்: சொற்களைச் சுற்றி இரட்டை மேற்கோள்குறி இல்லை. லிப்ரெஆபீஸில் சிஎஸ்வி சேவ் செய்யும் பெட்டியில் எல்லா எழுத்துக் கட்டங்களுக்கும் மேற்கோள் போடும் தேர்வை டிக் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

10. இஎம்ஐ கணக்கு

கால்க் கீயைத் தட்டி, உள்ளே டிவிஎம் என்ற கடன் கணக்குப் பகுதிக்குப் போங்கள். 5 லட்சம் கடன், வருட வட்டி 10 சதவீதம், 60 மாதம் என்று வையுங்கள். தவணை எண்ணிக்கையில் 60, வட்டியில் 10, இன்றைய மதிப்பில் 500000, இறுதி மதிப்பில் 0. பிறகு தவணைத் தொகையைக் கேட்டால் -10,623.52 என்று வரும். கழித்தல் குறி தவறல்ல, கைக்கு வரும் பணம் கூட்டல், கையை விட்டுப் போவது கழித்தல் என்பது அதன் முறை.

விடை ஏறுமாறாக வந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். வருடத்துக்குத் தவணை 12 என்று இருக்கிறதா? தவணை மாத முடிவில் என்று இருக்கிறதா, ஆரம்பத்தில் என்று இருக்கிறதா? வண்டிக் கடன் பேசப் போகும்போது, ஷோரூமில் சொல்லும் மாதத் தொகையையும் கடன் தொகையையும் போட்டு வட்டியைக் கேட்டுப் பாருங்கள். ‘ஃபிளாட் ரேட்’ என்று சொன்ன எண்ணுக்கும் ஸ்கிரீனில் வரும் எண்ணுக்கும் உள்ள தூரம் அங்கேயே தெரிந்துவிடும்.

11. பேக்கப்: வாரம் ஐந்து நிமிடம்

உங்கள் டைரி, போன் ஃபைல்கள் சி: டிரைவில் கீழ்க்கோட்டுடன் தொடங்கும் ‘டேட்’ என்ற ஃபோல்டரில் இருக்கும், ஆங்கிலத்தில் டி, ஏ, டி என்று மூன்று எழுத்து. அப்பாயின்ட்மென்ட் ஃபைலின் பின்னொட்டு ஏடிபி, போனுக்குப் பிடிபி. வழி இதுதான்:

திறந்திருக்கும் புரோகிராம்களை முதலில் மூடுங்கள். மோர் கீயைத் தட்டி, மெனுவில் அப்ளிகேஷன் பகுதியில் ‘டெர்மினேட் ஆல்’ என்பதைக் கொடுக்கலாம், அதற்கு முன் மெமோவையும் 1-2-3யையும் சேவ் செய்துவிடுங்கள். திறந்திருக்கும் ஃபைலைக் காப்பி செய்தால் அரைகுறையாகப் போய்ச் சேர வாய்ப்புண்டு, அது தேவைப்படும் நாளில்தான் உங்களுக்குத் தெரியும்.

ஃபைலரில் அந்த ஃபோல்டரை ஏ: டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். கார்டில் இரண்டு ஃபோல்டர் வைத்து ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது என்று மாற்றி மாற்றி எழுதுங்கள். ஒரே இடத்தில் மேலெழுதிக்கொண்டே போனால், கெட்டுப்போன ஃபைல் நல்ல ஃபைலின் மேல் போய் உட்காரும். மாதம் ஒருமுறை கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி அங்கேயும் ஒரு பிரதி.

செல் தீர்கிறது என்ற எச்சரிக்கை ஸ்கிரீனில் இருக்கும்போது பேக்கப் எடுக்காதீர்கள். கார்டில் எழுதும்போதுதான் கருவி அதிகம் இழுக்கும். முதலில் செல், பிறகு பேக்கப்.

12. நின்றுபோனால்

கீ எதுவும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து. கருவி புதிதாகத் தொடங்கும், சி: டிரைவ் அப்படியே இருக்கும், சேவ் செய்யாதது மட்டும் போகும். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆன். இதில் ஸ்கிரீனில் ஒரு கேள்வி வரும்: ராம் டிஸ்கைப் புதிதாக அமைக்கவா என்று. அவசரத்தில் ‘ஒய்’ தட்டிவிடாதீர்கள், தட்டினால் சி: டிரைவ் மொத்தமும் காலி. ‘என்’ தட்டுங்கள். ‘என்’ தட்டியும் மேலே நகராமல் மறுபடி மறுபடி நின்றால் மட்டுமே, கார்டில் பேக்கப் இருப்பதை வேறு கம்ப்யூட்டரில் செருகி உறுதி செய்துகொண்டு, ‘ஒய்’. அதன்பின் செட்டப்பை மறுபடி நிரப்பி, கார்டில் உள்ள ஃபோல்டரைப் பழைய இடத்துக்கே காப்பி செய்து, டைரியைத் திறந்து அந்த மாதத்துக் கரண்ட் பில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி வகைத் தேர்வும் பழைய நிலைக்குப் போயிருக்கும், அதையும் மாற்ற மறக்காதீர்கள்.